கோரையும் குடல் புற்றுநோயும்

கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்மண்ணில் வெங்காயம் நடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோரையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. புல்லை எத்தனை தரம் பிடுங்கினாலும், உள்ளே ஒரு கிழங்கு தங்கிவிட்டால் மழைக்குப் பிறகு மறுபடி முளைக்கும். பெருங்குடல் புற்றுநோயிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. சிகிச்சையில் கட்டி நன்றாகச் சுருங்கிய சிலருக்கு, கொஞ்சக் காலத்தில் நோய் திரும்பி வருகிறது. ஏன்?

முதலில் சுகமான குடலைப் பார்ப்போம், பிள்ளைகளே. பெருங்குடலின் உட்சுவர் முழுக்க இலட்சக்கணக்கான நுண்ணிய குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்துக் கலங்கள் இருந்து பிரிந்துகொண்டே இருக்கும். பிறக்கும் புதுக் கலங்கள் சுவர்வழியே மேலே நகரும், நீரை உறிஞ்சும், சளியைச் சுரக்கும், நான்கைந்து நாளில் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். போன கிழமை உங்கள் குடலை மூடியிருந்த கலங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை! அடியிலுள்ள குருத்துக் கலங்கள் மட்டும் போவதில்லை.

ஆபத்தும் அங்கேதான். கலம் பிரியும்போது மரபணுவில் பிழை நேரலாம். நான்கைந்து நாளில் உதிரும் கலம் தன் பிழையையும் கொண்டுபோய்விடும். குருத்துக் கலத்திலோ அது ஆண்டுக்கணக்கில் தங்கி, பிழைமேல் பிழை சேரும். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் 2007இல் எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தைக் கொண்டு இந்தக் கலங்களை இனங்கண்டார்கள். 2009இல் எலிகளின் அதே கலங்களில் ஏபிசி என்னும் காவல் மரபணுவை நிறுத்திப் பார்த்தார்கள். சில கிழமைகளிலேயே கட்டிகள் வளர்ந்தன. மேலே ஏறிவிட்ட கலங்களில் அதையே செய்தபோது பெரும்பாலும் சிறு புள்ளியோடு நின்றுவிட்டது.

2007இல் ரொறன்ரோவில் ஜோன் டிக் என்பவரின் ஆய்வுகூடம் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த கலங்களை எலிகளில் வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ 57,000 கலங்களில் ஒன்றுக்குத்தான் புதிய கட்டியைத் தொடக்கும் வல்லமை இருந்தது! சிடி133 என்ற புரதமுள்ள கலங்களை மட்டும் பிரித்தெடுத்தபோது 262இல் ஒன்று. ரோமிலிருந்தும் அதே நேரத்தில் இதே போன்ற முடிவு வந்தது. இப்படிப் புதிய கட்டியைத் தொடக்கவல்ல கலங்களைப் புற்றுநோய்க் குருத்துக் கலங்கள் என்கிறோம். கீமோ மருந்து வேகமாகப் பிரியும் கலங்களையே அதிகம் தாக்கும். மெதுவாகப் பிரிகிற சில குருத்துக் கலங்கள் அதில் தப்பிவிடலாம்.

நம் ஊரில் இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் இடம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. 2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, 27 நாளில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து அதற்காக நிதி சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த நடை அது. முன்பு சிகிச்சைக்காகக் கொழும்புக்கு அருகே மகரகம வரை போய்வந்த நோயாளிகளை நினைத்தால் அந்த நடையின் பெறுமதி புரியும்.

சரி, தப்பிவிடும் கலங்களுக்குத் திரும்புவோம். குருத்துக் கலங்களை மட்டும் தேடி அழித்தால் போதாதா? 2017இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் எலிகளில் அதைச் செய்து பார்த்தன. எல்ஜிஆர்5 கலங்களை அழித்ததும் கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது. அழிப்பதை நிறுத்தியதும், எஞ்சியிருந்த சாதாரணப் புற்றுநோய்க் கலங்களில் சில குருத்துக் கலங்களாக மாற, கட்டி மறுபடி வளர்ந்தது. கோரை உவமை இங்கே உதவாது; பிடுங்கிப்போட்ட இலை கிழங்காக மாறுவதில்லை. ஆனால் குடலிலிருந்து ஈரலுக்குப் பரவும் கட்டிகளுக்கு அந்தக் கலங்கள் இன்றியமையாதவை என்பதும் அப்போது தெரிந்தது. பரவலைத் தடுக்க அது ஒரு வழியைக் காட்டுகிறது.

இன்னொரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பொலிப் என்ற சிறு முளையாகத் தொடங்குகின்றன. அது புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அளவில் ஆகும். அதற்குள் கமெராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் வைத்தியர், அந்த முளையை அதே குழாய்வழியே வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் இரத்தம் போவதை அம்மப்பாவோ அப்பம்மாவோ வெட்கப்பட்டு மறைத்தால், வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது மூலநோயாகவே இருக்கும். ஆனாலும் பார்த்துவிடத்தான் வேண்டும்.