உங்களுக்குத் தெரியுமா? ஒரே சொல்லில் ஒரு நலம் விசாரிப்பு

கென்யாவில் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கியவர்களின் கைப்பேசிக்கு, வாரம் ஒருமுறை மருத்துவமனையிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: 'மாம்போ?' சுவாஹிலியில் 'எப்படி இருக்கீங்க?' என்று அர்த்தம். மருந்து, மாத்திரை என்ற பேச்சே அதில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் நோய் வெளியே தெரியாது. எவ்வளவு பரிவான யோசனை! நன்றாக இருந்தால் 'ஸவா', சிக்கல் என்றால் 'ஷிடா' என்று பதில் அனுப்ப வேண்டும். 'ஷிடா' வந்தாலோ, 48 மணி நேரத்தில் பதிலே வராவிட்டாலோ மருத்துவமனைப் பணியாளர் போன் போட்டு விசாரிப்பார். 538 பேர் பங்கேற்ற இந்த ஆய்வு 2010இல் 'லான்செட்' இதழில் வெளியானது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம், பெறாதவர்களில் 50. ரத்தத்தில் வைரஸ் அடங்கியதும் குறுஞ்செய்தி பெற்றவர்களிடமே அதிகம்.