ஐஸ் மேக்கர் ஃபிரிட்ஜ் வாங்கப் போறீங்களா? பில்லில் வராத 4 செலவுகள்

கதவிலேயே ஐஸும் தண்ணியும் வர்ற ஃபிரிட்ஜை ஷோரூம்ல பார்த்தா யாருக்கும் ஆசை வரும். ஈஎம்ஐ-ல போட்டா விலை வித்தியாசமும் பெருசா தெரியாது. ஆனா இந்த வசதிக்கான செலவு பில்லோட முடியறதில்லை.

முதல்ல ஒரு கேள்வி கேளுங்க: "இது பைப் லைன் கொடுக்கிற மாடலா, நாமளே தண்ணி ஊத்துற டேங்க் மாடலா?" பைப் லைன் மாடல்னா இந்த 4 விஷயத்தையும் பாருங்க.

1. தண்ணி பிரஷர்

இந்த மாடல்களுக்குப் பொதுவா குறைஞ்சது 20 பிஎஸ்ஐ பிரஷர் வேணும். சரியான அளவு மேனுவல்ல இருக்கும். மொட்டை மாடி டேங்க்ல இருந்து 10 அடி இறங்கினா சுமார் 4.3 பிஎஸ்ஐ தான் கிடைக்கும். அதாவது 20 பிஎஸ்ஐ வர டேங்க் கிட்டத்தட்ட 46 அடி உயரத்துல இருக்கணும். மேல் மாடியில குடியிருந்தா பூஸ்டர் பம்ப் இல்லாம வேலை ஆகாது. அது தனிச் செலவு.

2. தண்ணியோட தரம்

ஃபிரிட்ஜ் ஃபில்டர் குளோரின் வாடையையும் தூசியையும் குறைக்கும். போர் தண்ணியோட உப்பை எடுக்காது. குடிநீர்ல டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அதுக்கு மேலன்னா ஆர்ஓ லைன்ல இருந்து கொடுக்கணும். ஆர்ஓ டேங்க்ல இருந்து வர்ற தண்ணிக்கும் பிரஷர் கம்மி, அதனால அங்கேயும் பம்ப் தேவைப்படலாம்.

3. ஃபில்டர்

பொதுவா 6 மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஒரு ஃபில்டர் 2,500 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துக்கு 5,000, எட்டு வருஷத்துக்கு 40,000 ரூபாய். உங்க மாடலோட ஃபில்டர் விலையைக் கேட்டு இதே கணக்கைப் போடுங்க.

4. பிளம்பிங்

கால் இன்ச் டியூபுக்குத் தனியா ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்க. ஊருக்குப் போகும்போது மூடிட்டுப் போகலாம். ஃபிரிட்ஜை வெளிய இழுக்க வசதியா டியூப் கொஞ்சம் நீளமா இருக்கட்டும். தண்ணியைத் திறந்ததும் ஜாயின்ட்ல கசிவு இருக்கான்னு பாருங்க. சின்னக் கசிவுகூட கப்போர்டையும் கீழ் வீட்டு சீலிங்கையும் கெடுத்துடும். முதல் நாள் வர்ற ஐஸைக் கொட்டிடுங்க.

வாடகை வீடா? சுவர்ல துளை போடுறதுக்கு முன்னாடி ஓனர் சம்மதத்தை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிடுங்க. இல்லன்னா காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிப்பாங்க. புது வீட்டுல பிளம்பிங் செலவு மறுபடியும் ஆரம்பிக்கும்.

என் கணக்கு இதுதான்: சொந்த வீடு, போதுமான பிரஷர், தினமும் ஐஸ் தேவை – மூணும் இருந்தா தாராளமா வாங்குங்க. ஒண்ணு குறைஞ்சாலும் டேங்க் மாடலோ, சாதாரண ஐஸ் ட்ரேயோ போதும். மிச்சமாகிற பணத்தை எஸ்ஐபி-ல போடுங்க.

உங்க வீட்டுக் கணக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க!