வீட்டிற்கு ஓர் ஒலிக்கலவைக் கருவி

'மிக்சர்' என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருவது தின்பண்டமே. ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, கறிவேப்பிலை ஆகியன கலந்த அப்பண்டத்தைப் புனேக் கடைகளில் விற்கும் சிவ்டாவின் உறவு எனலாம். அதே பெயருடைய வேறொரு பொருள் புத்வார் பேட்டையின் தப்கீர் கல்லியில் கிடைக்கிறது. மின்பொருள் கடைகள் நெருங்கி நிற்கும் அக்குறுந்தெருவில் ஒலிச்சாதனங்கள் விற்கும் கடையொன்றில் மிக்சர் வேண்டும் என்று கேட்டால், வரிசை வரிசையாகக் குமிழ்கள் பொருந்திய பெட்டியொன்றை எடுத்து வைப்பர். பல இடங்களிலிருந்து வரும் ஒலிகளை ஏற்று, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்கு உயர்த்தியோ தாழ்த்தியோ, ஒன்றாக்கி வெளியே அனுப்புவதே அதன் பணி. தமிழில் இதனை ஒலிக்கலவைக் கருவி என்பர்.

புனேயில் கட்கி, தேஹு ரோடு, ராஸ்தா பேட்டை முதலிய பகுதிகளில் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மென்பொருள் பணிக்காக ஹிஞ்சவடிப் பக்கம் குடியேறியோர் பிற்காலத்தவர். இக்குடும்பங்களுக்கு இக்கருவி இரண்டு வகையில் தேவைப்படுகிறது. ஒன்று, நவராத்திரிக் கொலுவிலும் குடியிருப்பு வளாகத்தில் நடைபெறும் பொங்கல் விழாவிலும் பிள்ளைகள் பாடுவதையும் பேசுவதையும் கடைசி வரிசையில் அமர்ந்திருப்போரும் கேட்கச் செய்தல். மற்றொன்று, வீட்டில் செய்யும் ஒலிப்பதிவு. ஊரிலிருந்து கோடைக்கு வரும் பாட்டி, தம் தாயிடம் கேட்டுக் கற்ற தாலாட்டையும் நடவுப்பாட்டையும் பேரப்பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவார். அவை எந்த நூலிலும் அச்சேறாதவை. அவர் பாடும்போது பதிவு செய்யாவிட்டால் பின்னர்த் தேடிப் பெறுவதற்கு வழி இல்லை. பதிவு செய்தும் ஒலி சிதைந்து போயிற்றெனில், பதியாததற்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே.

இத்தகைய கருவி தோன்றுவதற்கு முன்பும் மக்கள் ஒலிகளைக் கலந்தே வந்தனர். 1902-ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் பாடல்களைப் பதிவு செய்தார். அக்காலத்தில் மின்னால் இயங்கும் ஒலிவாங்கி பயன்பாட்டிற்கு வரவில்லை. பாடுவோர் ஒரு பெரிய கூம்புக்குழலின் வாயருகே நின்று உரத்துப் பாடவேண்டும். குழலில் புகும் ஒலியின் ஆற்றலே ஓர் ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். உரத்து ஒலிக்கும் இசைக்கருவிகளைக் குழலுக்குத் தொலைவிலும், மெல்ல ஒலிப்பனவற்றை அருகிலும் அமர்த்துவர். குமிழைத் திருகுவதற்கு மாறாக மனிதரையே நகர்த்தினர் என்று கூறலாம்.

பேசும்படங்கள் வந்த 1930-களின் தொடக்கத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. நடிப்போரே படப்பிடிப்பின்போது பாடவேண்டும். இசைக்கலைஞர்கள் படக்கருவியின் கண்ணில் படாதவாறு மரத்தின் பின்னோ திரையின் பின்னோ மறைந்திருந்து வாசிப்பர். அக்காலத்தில் புகழ்பெற்று விளங்கிய பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933-இல் கோலாப்பூரிலிருந்து புனேக்கு இடம் பெயர்ந்தது. பாபநாசம் சிவன் இசையமைத்த 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப்படத்தைத் தயாரித்ததும் இந்நிறுவனமே. பிரபாத் படக்கூடம் அமைந்திருந்த சட்டக் கல்லூரிச் சாலை வளாகத்தில் 1960-இல் திரைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கு ஒலிப்பதிவும் ஒலியமைப்பும் தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அப்பாடத்தைப் பயின்ற கேரளத்தவரான ரசூல் பூக்குட்டி, 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படத்திற்காக 2009-ஆம் ஆண்டு வேறு இருவருடன் சேர்ந்து ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருதின் பிரிவே ஒலிக்கலவை என்பதாகும்.

அதே மேடையில், அதே படத்தின் இசைக்காக இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றவர் ஏ. ஆர். ரகுமான். அவர் 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன்' என்னும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் இசை அங்கு உருவானது. வீட்டில் செய்யும் ஒலிப்பதிவை விளையாட்டு என்று கருதுவோர்க்கு இச்செய்தி ஒன்றே போதும்.

இனி, கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போர் முதலில் ஐயுற வேண்டியது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை. யமஹா நிறுவனத்தின் எம்ஜி10எக்ஸ்யூ என்னும் கருவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் பெயரில் உள்ள 10 என்பது தடங்களின் எண்ணிக்கை. பத்துப் பேர் பாடும் சேர்ந்திசைக்குப் பத்து ஒலிவாங்கிகளை இதில் பொருத்தலாம் என எண்ணி வாங்குவோர் ஏமாறுவர். ஒலிவாங்கிகளுக்கு உரிய வாயில்கள் நான்கே. எஞ்சிய ஆறும், இடம் வலம் என இரண்டிரண்டாக அமைந்த மூன்று இணைகள். மின்விசைப்பலகை, மின்தம்புரா, நடனப் பாடலை ஒலிக்கும் கைபேசி ஆகியவற்றை அவற்றில் இணைக்கலாம். ஒலிவாங்கியை இணைத்தால் ஒலி கேட்பதே அரிது.

இதற்குக் காரணம் உண்டு. குரல் பட்டு ஒலிவாங்கியில் எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு அளவினதே. மின்தம்புராவோ மின்விசைப்பலகையோ ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு வெளியிடவல்லது. முன்னதைப் பன்மடங்கு பெருக்கினால்தான் பின்னதோடு கலக்க முடியும். அவ்வாறு பெருக்கும் முன்பெருக்கி என்னும் உறுப்பே ஒரு கலவைக் கருவியில் விலையுயர்ந்த பகுதி. எனவேதான் தயாரிப்பாளர்கள் அதை எண்ணி எண்ணி வைக்கின்றனர்.

ஆகவே கடைக்குச் செல்வதற்கு முன், மேடையில் அமரப் போவோரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொலுவில் ஒரு சிறு கச்சேரி நடைபெறுகிறது எனக் கொள்க. பாடுபவர்க்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்திற்கு ஒன்று என மூன்று ஒலிவாங்கிகள் தேவை. மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் வெவ்வேறு நாதம் உடையவை ஆதலால், இரண்டு பக்கமும் வைத்தால் நான்காகும். சுருதிக்கு மின்தம்புரா. மேற்கூறிய கருவி இதற்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் நிகழ்ச்சி நடப்பது இருபது பேர் அமரும் வீட்டுக் கூடம் எனில், மிருதங்கத்திற்கு ஒலிவாங்கியே வேண்டியதில்லை. அதன் இயல்பான ஒலியே கூடத்தை நிறைக்கும். அதையும் பெருக்கினால் பாடுபவரின் குரல் மறைந்துவிடும்.

ஒலிவாங்கியின் வகையும் அறியத்தக்கது. மேடைகளில் மிகுதியாகக் காணப்படும் டைனமிக் வகை உறுதியானது. கீழே விழுந்தாலும் எளிதில் பழுதாகாது. 1966 முதல் விற்பனையாகி வரும் ஷூர் எஸ்எம்58 இவ்வகையைச் சேர்ந்தது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் வகையோ மிக மெல்லிய ஒலியையும் பற்றிக்கொள்ளும். பெரும்பாலானவை இயங்குவதற்குக் கலவைக் கருவியே 48 வோல்ட் மின்சாரம் அனுப்பவேண்டும். கருவியில் '+48' எனக் குறித்த பொத்தான் இதற்காகவே உள்ளது. கண்டென்சர் ஒலிவாங்கியை வாங்கிவிட்டு, அப்பொத்தான் இல்லாத கருவியோடு இணைத்துப் பார்த்து, பழுதடைந்த பொருளைக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரரோடு வழக்காடுவோர் இன்றும் உளர்.

வீட்டுப் பதிவிற்குத் தேவையானவை வேறு. பாட்டி ஒருவரே பாடுகிறார் எனில், ஓர் ஒலிவாங்கி வாயிலும் கணினியோடு நேரே இணைக்கும் யுஎஸ்பி வாயிலும் உடைய யமஹா ஏஜி03 போன்ற சிறு கருவியே போதும். பலர் சேர்ந்து பாடுவதைப் பதிவு செய்ய விரும்பினால் மற்றொரு வினா எழும். முன்னர்க் கூறிய தின்பண்டத்தில் கடலை பிடிக்காதவர் கடலையைப் பொறுக்கி ஒதுக்கலாம். ஒலிக்கலவை அத்தகையதன்று. எம்ஜி10எக்ஸ்யூ நான்கு ஒலிவாங்கிகளின் ஒலியையும் கலந்து, இடம் வலம் என்னும் இரண்டு தடங்களாக்கியே கணினிக்கு அனுப்புகிறது. மிருதங்கம் மிகுந்தும் குரல் குறைந்தும் பதிவாகிவிட்டால், மறுநாள் அமர்ந்து குரலை மட்டும் உயர்த்த இயலாது. சாம்பாரில் கரைந்த உப்பைப் போன்றதே அது. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே பதியும் கருவிகளும் உள்ளன. ஆறு ஒலிவாங்கி வாயில்களை உடைய சூம் எல்-8 என்னும் கருவி அத்தகையது. கணினி இல்லாமலே நினைவக அட்டையில் தனித்தடங்களாகப் பதிந்து தரும். விலை கூடுதலே. மேடை நிகழ்ச்சிக்கு மட்டும் வாங்குவோர்க்கு இவ்வசதி வீண். இசைக்குழுவாக அமர்ந்து பதிவு செய்ய விரும்புவோர்க்கோ இதுவே முதன்மையானது.

எதிரொலி, மண்டபத்து ஒலி முதலிய இருபதுக்கும் மேற்பட்ட விளைவுகளைச் சேர்க்கும் வசதி பல கருவிகளில் உண்டு. வாங்குவோர் மனத்தை முதலில் கவர்வதும், வாங்கியபின் கேட்போரை மிகுதியாகத் துன்புறுத்துவதும் இதுவே. திருக்குறள் ஒப்புவிக்கும் சிறுமியின் குரலுக்கு எதிரொலியைக் கூட்டினால், ஒரு சீர் முடியுமுன் அடுத்த சீர் வந்து மோதும். அதைவிடப் பயனுள்ளது, 80 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைத் தடுக்கும் சிறு பொத்தான். மின்விசிறியின் உறுமலும் தரையில் நடப்போரின் காலடி அதிர்வும் அதனால் பெருமளவு குறையும்.

கம்பியையும் கவனித்து வாங்குதல் நன்று. மூன்று முனைகள் உடைய எக்ஸ்எல்ஆர் கம்பியில் ஒரே ஒலிக்குறிப்பு இரண்டு இழைகளில் செல்கிறது. ஓர் இழையில் உள்ளவாறும், மற்றதில் தலைகீழாகவும் செல்லும். வழியில் மின்விளக்குகளாலும் பிற கருவிகளாலும் புகும் இரைச்சல் இரண்டு இழைகளிலும் ஒரே வகையாகப் படியும். மறுமுனையில் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கி, ஒலிக்குறிப்பு மட்டும் இரு மடங்காக எஞ்சும். எளிய கணக்கு, ஆயினும் விழாப் பந்தலில் பத்து மீட்டர் கம்பி இழுக்கும்போது இதன் அருமை விளங்கும்.

மேடையில் திடீரென எழும் ஊளையொலி கருவியின் குற்றமன்று. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலி ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகுந்து, பெருகி, வெளிவந்து, மறுபடியும் புகுவதால் அது உண்டாகிறது. ஒலிபெருக்கிகளைப் பாடுவோர்க்கு முன்னால், அவையோரை நோக்கி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைப்போர் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். குடியிருப்புப் பகுதியில் பகற்பொழுதின் வரம்பு 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. கடைசி நடனம் ஒன்பதரை மணிக்கு முடியுமாறு நிகழ்ச்சியை வகுத்துக்கொள்வது, காவலர் வந்து நிறுத்துவதைக் காட்டிலும் மேலானது.

பாட்டியின் பாடலைப் பதியும் நாளில் செய்யவேண்டியவை சிலவே. மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களை மூடி, ஒலிவாங்கியை அவர் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைக்கவேண்டும். அவர் உச்சத்தில் பாடும் ஓர் அடியை முதலில் பாடச் சொல்லி, அப்போதும் சிவப்பு விளக்கு எரியாத அளவில் பெருக்கக் குமிழை நிறுத்தவேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலியலையின் முகடு வெட்டுண்டது என்று பொருள். வெட்டுண்ட பகுதியை முழுமையாக மீட்கும் வழி இல்லை. மெல்லப் பதிவான ஒலியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். பதிவு தொடங்கியதும், பாடுபவரின் பெயர், அவருடைய ஊர், அன்றைய நாள், அப்பாடலை அவர் யாரிடம் கற்றார் என்பன ஆகியவற்றைப் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் தெளிவாகக் கூறவேண்டும். அதன்பின் பாட்டி பாடலாம். இடையில் அவர் அடியை மறந்து சிரித்தாலும் பதிவை நிறுத்தவேண்டியதில்லை.