மல்லிகையை வெட்ட மனசு வரலையா?

“செடி பச்சைப்பசேல்னு நிக்குது, பூதான் இல்லே சார்” என்று பலர் கேட்கிறீர்கள். கவாத்து செய்தீர்களா என்றால், “வளர்ந்த செடியை வெட்ட மனசு வரலையே” என்கிறீர்கள். மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டாவிட்டால் இலைதான் மிச்சம். என் வீட்டுச் செடியையும் ஒரு வருஷம் நான் இப்படித்தான் கெடுத்தேன்.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்டுங்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றுக்கும் ஒரே நாளில் கத்தரியை எடுக்காதீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்தி, பிறகு வெட்டி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள்.

புதிதாக வைக்கிறவர்களுக்கு ராமநாதபுரம் குண்டுமல்லி நல்லது. பூ பருத்து, வாசனையோடு இருக்கும். முல்லை இலையில் வெள்ளை ரோமம் போல் முடிச்சு விழுந்தால் அது சிலந்திப்பேன். அந்தத் தொல்லை உள்ள ஊரில் பரிமுல்லை ரகம் தாக்குப்பிடிக்கும்.

முற்றத்துத் தொட்டிக்கும் குண்டுமல்லிதான் ஏற்றது. மற்ற இரண்டும் படர இடம் கேட்கும். தொட்டியின் அடியில் ஓட்டை அடைபடாமல் இருக்கணும். நிழலில் வைத்தால் பூ குறையும். தொட்டிச் செடிக்கும் நவம்பரில் கவாத்து உண்டு; தொழு உரம் மட்டும் இரண்டு கைப்பிடி போதும்.