ரஞ்சன்குடி: கோட்டையின் வரலாறும் உழுதவர்களின் உரிமையும்

திருச்சி – சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே சுமார் 17 கி.மீ. சென்றால் மங்கலமேடு பக்கத்தில் ஒரு கோட்டை தெரியும். அதுதான் ரஞ்சன்குடி கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழ்ப்பட்ட ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, உள்ளே அரண்மனை, நிலவறை, பள்ளிவாசல் ஆகியவை இன்றும் உள்ளன. மேல் பகுதியைக் கோட்டைமேடு என்றும் கீழ்ப் பகுதியைப் பேட்டை என்றும் சொல்கிறார்கள். இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளுடன் திரும்பி வருகின்றன. ஒன்று, முஸ்லிம் ஜாகீர்தார் கட்டிய கோட்டை. மற்றொன்று, 1751ல் இங்கே போர் நடந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டைக்குச் சோறு போட்ட வயல்களை உழுதவர்கள் யார், அவர்களுக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை இருந்தது, வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அந்தக் கேள்வி இன்னும் முடிந்துபோகவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நம் வீடுகளுக்குள்ளும் அது இருக்கிறது.

வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடியும்

ரஞ்சன்குடிக்கு அருகில் இருக்கும் வாலிகண்டபுரம் ஒரு காலத்தில் பெரிய நிர்வாகத் தலைநகரம். பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர் கான் லோடி இங்கிருந்துதான் ஆட்சி செய்தார். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்ற இடம் கொடுத்தவர் அவரே. 1677ல் சிவாஜியின் படை அவரைத் தோற்கடித்தது. பிறகு முகலாயர் வந்தார்கள், ஆற்காட்டு நவாபுகள் வந்தார்கள்.

1751ல் நவாப் பதவிக்காக சந்தா சாஹிபும் முஹம்மது அலியும் மோதினார்கள். சந்தா சாஹிபுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. முஹம்மது அலிக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. வாலிகண்டபுரம் பகுதியில் நடந்த மோதலில் ஆங்கிலப் படை பின்வாங்கித் திருச்சிக்குப் போனது. அடுத்த ஆண்டே சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1801 ஜூலையில் போடப்பட்ட ஒப்பந்தத்தின் மூலம் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

இத்தனை கொடிகள் மாறின. ஆனால் யார் ஜெயித்தாலும், வயலில் விளைந்ததில் ஒரு பங்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது.

ஜாகீர் என்றால் என்ன?

ஜாகீர் என்றதும் நிலத்தின் முழுச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குறிப்பிட்ட கிராமங்களின் வரியை வசூலித்து, அதைக் கொண்டு படையையும் பதவியையும் நடத்திக்கொள்ளக் கொடுக்கப்பட்ட உரிமைதான் ஜாகீர்.

நம் பக்கத்தில் நிலத்துக்கு இரண்டு பங்குகள் உண்டு என்பது பழைய வழக்கம். அரசுக்கோ அரசு கைகாட்டியவருக்கோ போவது மேல்வாரம். பயிர் செய்யும் குடிக்கு உரியது குடிவாரம். மேல்வாரத்தை நவாபும் வாங்கலாம், ஜாகீர்தாரும் வாங்கலாம், கம்பெனியும் வாங்கலாம். குடிவாரம் உழுகிற குடும்பத்துடையது. எல்லா இடத்திலும் இது நியாயமாக நடந்தது என்று சொல்ல முடியாது. பங்கு அதிகமாகப் பிடுங்கப்பட்டது, குடிகள் ஊரை விட்டு ஓடியதும் உண்டு. ஆனாலும் உழுகிறவனுக்கு ஓர் உரிமை உண்டு என்ற எண்ணமாவது இருந்தது.

கம்பெனி செய்த மாற்றம்

ஆங்கிலேயர் தமிழகத்தில் இரண்டு முறைகளைக் கொண்டுவந்தார்கள். 1802ஆம் ஆண்டின் சட்டப்படி சில பகுதிகள் ஜமீன்களாக ஆயின. அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களாக மாறியது இப்படித்தான். மற்ற பகுதிகளில் தாமஸ் மன்றோ முன்னின்று கொண்டுவந்த ரயத்துவாரி முறை வந்தது. அதில் அரசு நேரடியாகப் பட்டாதாரிடம் வரி வாங்கும்.

ரயத்துவாரி கேட்பதற்கு நல்ல முறை. இடையில் ஜமீன்தார் இல்லை. ஆனால் அரசின் பதிவேட்டில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. அது வரி கட்டும் பட்டாதாரின் பெயர். அவர் தானே உழுதால் சிக்கல் இல்லை. வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டிருந்தால், உண்மையில் உழுகிறவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. தாத்தா காலத்திலிருந்து அதே நிலத்தில் வியர்வை சிந்தியிருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் அங்கே இல்லை.

ஜமீன் பகுதிக் குடிகளுக்கு 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் நிலைத்த உரிமை கொடுத்தது. 1948ல் ஜமீன்தாரி முறையே ஒழிக்கப்பட்டது. ஆனால் பட்டாதாரிடம் குத்தகைக்கு உழுத ஏழைக்கு அப்போதும் பாதுகாப்பு இல்லை. அடுத்த பட்டத்துக்கு நீ ஏர் பூட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு முடிந்தது. குடிசை இருந்த மனையும் நிலக்காரருடையது என்றால் வீடும் போய்விடும்.

அயர்லாந்தில் நடந்தது

இதே ஆட்சியாளர்களின் கீழ் இன்னொரு நாடும் இதே வேதனையை அனுபவித்தது. அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அந்தப் பஞ்ச நிவாரணத்தை லண்டனில் இருந்து நிர்வகித்த சார்லஸ் டிரெவல்யன்தான் 1859ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார்.

பஞ்சத்தின் நடுவே, 1846 மார்ச்சில் கால்வே பகுதியின் பாலின்லாஸ் என்ற கிராமத்தில் சுமார் 300 பேர் வீடுகளிலிருந்து விரட்டப்பட்டார்கள். நிலச் சொந்தக்காரருக்குக் கால்நடை மேய்க்கப் புல்வெளி தேவைப்பட்டது. படையும் போலீசும் காவலுக்கு நிற்க, வீடுகளின் கூரைகள் பிரித்துத் தள்ளப்பட்டன. 1861ல் டெரிவே என்ற இடத்தில் 47 குடும்பங்கள், 244 பேர், இதேபோல் வெளியேற்றப்பட்டார்கள்.

அந்தப் பஞ்ச காலத்தில் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீது 1,000 பவுண்டு உதவி அனுப்பினார் என்பது நம்மில் பலர் கேள்விப்பட்ட செய்தி. ஆனால் உதவியால் மட்டும் அந்த மக்களின் நிலை மாறவில்லை. குடியானவர்கள் ஒன்றுசேர்ந்த பிறகுதான் மாறியது. 1879ல் நிலக் கழகம் தொடங்கினார்கள். 1880ல் மேயோ பகுதியில், வெளியூரில் வாழ்ந்த ஒரு பிரபுவின் நிலத்தை மேற்பார்த்த கேப்டன் பாய்காட் என்பவர் குடிகளை வெளியேற்ற முயன்றபோது, ஊரே அவரோடு பேச்சையும் வேலையையும் கொடுக்கல் வாங்கலையும் நிறுத்திக்கொண்டது. இன்று நாம் புறக்கணிப்புக்குச் சொல்லும் 'பாய்காட்' என்ற சொல் அவருடைய பெயர்தான்.

1881ல் வந்த சட்டம் அவர்களுக்கு மூன்று உரிமைகளைக் கொடுத்தது: நியாயமான குத்தகை, நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை, தன் குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம்.

தமிழகத்தில் வந்த சட்டங்கள்

நமக்கு அந்த நாள் வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. சுதந்திரத்துக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் குத்தகைதாரர்களும் பண்ணையாட்களும் பெருமளவில் வெளியேற்றப்பட்டார்கள். போராட்டங்கள் வெடித்தன. 1952ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது அந்த ஒரு மாவட்டத்துக்கானது.

பெரம்பலூர், அரியலூர் உட்பட மாகாணம் முழுவதற்கும் பாதுகாப்பு தந்தது 1955ஆம் ஆண்டின் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். தன் உடலுழைப்பாலோ குடும்பத்தாரின் உழைப்பாலோ பயிர் செய்கிற குத்தகைதாரரை, குத்தகை பாக்கி, நிலத்தைச் சேதப்படுத்துதல், விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையையே மறுத்தல் போன்ற காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. காரணம் இருந்தாலும் உரிய அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

1956ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நன்செயில் உரிமையாளருக்கு 40 சதவீதம் என்று முதலில் வைத்தார்கள். 1980ல் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குடியிருப்பு மனைகளிலிருந்து வெளியேற்றுவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மனைகளைக் குடியிருந்த விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் சொந்தமாக்கியது.

இவை எல்லாவற்றிலும் நாம் அதிகம் அறியாதது 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். குத்தகைதாரரின் பெயரை அரசின் பதிவேட்டில் ஏற்றுவதற்காகவே வந்த சட்டம் அது. ரயத்துவாரி விட்டுப்போன அந்த இரண்டாவது பெயருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்துத்தான் இடம் கிடைத்தது.

பெயர் இல்லாததால் இன்று வரும் இழப்பு

சட்டம் இருந்தும் பெரும்பாலான குத்தகைகள் இன்றும் வாய்ப்பேச்சில்தான் நடக்கின்றன. எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பி வராதோ என்று உரிமையாளர் பயப்படுகிறார். எழுதச் சொன்னால் நிலமே கிடைக்காதோ என்று குத்தகைதாரர் பயப்படுகிறார். இருவரும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

பெரம்பலூர் மாவட்டம் மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மழையை நம்பிய பயிர்கள். மழை பொய்த்தாலும், நோய் தாக்கினாலும் நட்டம் உழுதவருக்குத்தான். ஆனால் அடங்கலில் அவர் பெயர் இல்லாவிட்டால் பயிர்க் காப்பீடும் நிவாரணமும் பயிர்க் கடனும் அவருக்கு எட்டாது. பிரதமரின் கிசான் உதவித்தொகை நிலம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே.

நிலம் கையகப்படுத்தப்படும்போது இழப்பு இன்னும் பெரிது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990களில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப்பட்டது. மின் நிலையம் வரவே இல்லை. கடைசியில் நிலங்களை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு கேட்கவும், நிலத்தைத் திரும்பப் பெறவும் ஒரு வழி இருக்கிறது. பதிவில்லாத குத்தகைதாரருக்கு எதுவும் இல்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர்களையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் மூன்று ஆண்டு உழுததை எதைக் காட்டி நிரூபிப்பது?

நாம் செய்ய வேண்டியது

கைபர் நிலங்களை அங்கிருந்த யூதர்களிடமே விட்டு, விளைச்சலில் பாதி என்று நபி (ஸல்) அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியிருக்கிறது. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் சொல்கிறது. அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் அபகரிப்பதன் தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். குத்தகையில் எழுதாமல் விடுவதைச் சின்ன விஷயம் என்று நினைக்க நமக்கு இடமில்லை.

நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் குத்தகையை எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் புல எண், எவ்வளவு பரப்பு, எத்தனை ஆண்டு, எவ்வளவு குத்தகை என்று தெளிவாக இருக்கட்டும். வாங்கும் பணத்துக்கும் நெல்லுக்கும் ரசீது கொடுக்க வேண்டும். சட்டப்படியான அளவைவிட அதிகம் வாங்கக் கூடாது. வளைகுடாவில் இருந்துகொண்டு போனில் ஒரு வார்த்தை சொல்லி ஒரு குடும்பத்தை நிலத்திலிருந்து இறக்கிவிடுவது சட்டப்படி செல்லாது.

குத்தகைக்கு உழுகிறவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவுக்கு மனு கொடுக்கலாம். ஒவ்வொரு பட்டத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிரையும் சாகுபடி செய்பவர் பெயரையும் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். உரிமையாளர் குத்தகையை வாங்க மறுத்தால், அதைப் பாக்கி என்று பிறகு சொல்ல வாய்ப்புண்டு. அப்படி மறுக்கப்படும் குத்தகையை அதிகாரியிடம் செலுத்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகங்களும் இதைக் கவனிக்க வேண்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற பொது அறநிலையங்களின் விளைநிலங்களுக்கென்று 1961லேயே தனிச் சட்டம் உண்டு. பள்ளிவாசல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் எந்த மதத்தவராக இருந்தாலும், நிர்வாகம் மாறியது என்பதற்காக அவரை வெளியேற்ற முடியாது. அதேபோல், குத்தகை பாக்கியை வருடக்கணக்கில் வசூலிக்காமல் விடுவதும் அமானிதத்தில் குறை வைப்பதாகும். இரண்டுக்கும் மருந்து ஒழுங்கான பதிவேடுதான்.

அடுத்த முறை ரஞ்சன்குடி கோட்டைக்குப் போகும்போது, மேலே ஏறிக் கொத்தளத்திலிருந்து சுற்றிலும் இருக்கும் வயல்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். கட்டியவர் யார் என்பதோடு, அந்த வயல்களில் மேல்வாரம் யாருக்குப் போனது, குடிவாரம் யாருக்குச் சேர வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிக் கொடுப்போம். வீட்டுக்குத் திரும்பியதும், நம் நிலத்தில் இப்போது உழுகிறவரின் பெயர் ஏதாவது ஒரு தாளில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். இல்லையென்றால் இந்தப் பட்டத்திலேயே எழுதிக் கொடுப்போம்.