காலாஸ் ஆகாத மனிதர்கள்

சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் கூட்டம் சேரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். 2018 அக்டோபர் 23 மாலை, ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடுத்தடுத்த நடைமேடைகளுக்கு ரயில்கள் வந்து சேர்ந்தன. இறங்கியவர்களும் ஏற ஓடியவர்களும் இந்தப் பாலத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். இரண்டு உயிர் போயிற்று, பலருக்குக் காயம். அன்றைக்கு நிலையத்தில் இடத்துக்கா பஞ்சம்? நடைமேடைகள் நீளமாகத்தான் கிடந்தன. வெளியே போகிற வழிதான் குறுகல்.

சென்னைக்குப் போகும் ரயிலுக்காக அந்தப் பாலத்தின் அடியில் காத்திருந்தேன். வீட்டுக்கு போனில் பேசி முடித்ததும், “அண்ணா, திருப்பூரா?” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். மேதினிபூர் பக்கத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இரண்டு வருடம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவராம். மகன் அங்கே ஓவர்லாக் மெஷினில் இருந்திருக்கிறான். ஊருக்குத் திரும்பிய பையன் செல்போன் பறிப்பு வழக்கில் மாட்டி, இப்போது கொல்கத்தாவில் ஒரு சிறையில் இருக்கிறான். லோக்கல் ரயிலில் சாந்த்ராகாச்சி வரை வந்து, இங்கிருந்து பேருந்து பிடித்து ஹூக்ளியைத் தாண்டிப் போய் அவனைப் பார்ப்பது மாதத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. நம் ஊரில் ‘மனு போட்டுப் பார்ப்பது’ என்கிறோமே, அதுதான். மடியில் ஒரு துணிப்பை. பொரி, வெல்லம், சோப்பு, இரண்டு பிஸ்கட் பாக்கெட்.

பதினான்கு மாதமாயிற்று என்றார். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. ஆறு மாதத்துக்கு முன்பே பையனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஜாமீன்தாரர் வேண்டும், அவர் பெயரில் சொத்துப் பத்திரம் வேண்டும் என்றார்களாம். இந்த அம்மா குடியிருப்பது பட்டா இல்லாத அரசு நிலத்தில். பத்திரத்துக்கு எங்கே போவார்?

வங்காளச் சிறைகளில் புதிதாக வருகிறவர்களை முதலில் அடைக்கும் வார்டுக்கு ‘ஆம்தானி’ என்று பெயர். வரவு, இறக்குமதி என்று பொருள். விடுதலைக்கு ‘காலாஸ்’. துறைமுகத்தில் சரக்கு இறக்கி விடுவிப்பதற்கும் அதே சொல்தான். நாம் ரயில்வே கலாசி, கப்பல் கலாசி என்று சொல்வதும் அதன் உறவே. துறைமுக நகரம் தன் சிறைக்கும் துறைமுகப் பாஷையைத் தந்திருக்கிறது. ஆம்தானி தினமும் நடக்கிறது. காலாஸ்தான் தட்டிப்போகிறது.

நாடு முழுவதுக்குமான கணக்கும் இதையே சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். இருந்தவர்கள் 5,73,220 பேர். நூறு பேர் படுக்கும் இடத்தில் 131 பேர். இவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். நூறைத் தாண்டிய மாநிலங்களில் மேற்கு வங்கமும் ஒன்று.

2020 மார்ச்சில் கொரோனாவால் நீதிமன்றங்கள் முடங்கி, குடும்பத்தார் சந்திப்பும் நிறுத்தப்பட்டபோது கொல்கத்தாவின் டம்டம் மத்திய சிறை கலவரத்தில் எரிந்தது. கைதிகள் செத்தார்கள். அந்த மாதமே, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் இருப்பவர்களைத் தற்காலிகமாக விடுவது பற்றி முடிவெடுக்க எல்லா மாநிலங்களிலும் உயர்மட்டக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கதவைத் திறக்க மனம் வந்தால் திறக்க முடியும் என்று நாடு ஒருமுறை காட்டியது. அந்த ஆண்டு இறுதியில் 118 விழுக்காடாக இருந்த நெரிசல், அடுத்த ஆண்டே 130-ஐத் தாண்டிவிட்டது.

இன்னும் கட்டினால் தீருமே என்பார்கள். கட்டியும் பார்த்தாயிற்று. பழைய அலிப்பூர் மத்திய சிறை 2019-ல் மூடப்பட்டு, கைதிகள் பாருய்பூரில் கட்டிய புதுச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். நேரு இருந்த அறையும் தூக்குமேடையும் இப்போது அருங்காட்சியகம். 2022 முதல் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சிறை என்ற பெயர்கூட மாறிவிட்டது. 1992-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி இவையெல்லாம் ‘சீர்திருத்த இல்லங்கள்’. பெயரும் கட்டடமும் மாறின. வெளியே விடுகிற முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த முறை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு டம்டமிலேயே ஒரு சாட்சி உண்டு. நேபாளத்தைச் சேர்ந்த ஒருவர், 1980 வாக்கில் டார்ஜிலிங்கில் கொலை வழக்கில் கைதானார். மனநலம் சரியில்லை, விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்றார்கள். வழக்கு நின்றது. அவர் உள்ளேயே இருந்தார், நாற்பது ஆண்டுகள். நீதிமன்றத்துக்கும் நினைவில்லை, சிறைக்கும் அவர் தினசரித் தலை எண்ணிக்கையில் ஒருவர் மட்டுமே. கூட இருந்த ஒரு கைதி விடுதலையாகி வந்து வெளியே சொன்னார். ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் தேடி, நேபாளத்தின் இலாம் பகுதியில் அவருடைய ஊரைக் கண்டுபிடித்தார்கள். மகன் இறந்துவிட்டான் என்று எண்ணியிருந்த தாய் அங்கே உயிரோடு இருந்தார். 2021 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை வெளியே விட்டது. அவரைக் காப்பாற்றியது அரசாங்கத்தின் எந்தக் கோப்பும் அல்ல. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரின் மனசு.

மனநோயாளிகளை, குற்றமே செய்யாதவர்களைக்கூட, சிறையில் போட்டுவைக்கும் வழக்கம் இங்கே வெகுகாலம் இருந்தது. எழுபதுகளில் நக்சலைட் கைதியாக உள்ளே இருந்த மீனாட்சி சென், பெண்கள் பகுதியில் தான் பார்த்ததை எழுதிய புத்தகத்துக்கு ‘ஜெயிலுக்குள் ஜெயில்’ என்றே பெயர் வைத்தார். அந்த வழக்கம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1993 ஆயிற்று. ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கு அது.

இன்னொரு கூட்டத்துக்கு ‘ஜான் காலாஸ்’ என்று பெயர். பெரும்பாலும் வங்கதேசத்தவர். எல்லை தாண்டிய குற்றத்துக்கு நீதிமன்றம் கொடுத்த தண்டனை முடிந்துவிட்டது. ஆனால் அவர் எந்த ஊர்க்காரர் என்று இரண்டு அரசுகளும் கடிதம் எழுதி உறுதிசெய்யும்வரை சிறையை விட்டு நகர முடியாது. பெயரில் காலாஸ் இருக்கிறது, வாசலில் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த நாட்டுச் சிறைச் சொற்களில் இதைவிடக் கொடுமையான சொல் இல்லை.

இடத்துக்கு விலை

அந்த அம்மா தன் அரைத் தமிழில் எனக்கு ஒரு விலைப்பட்டியலே சொன்னார். கால் நீட்டிப் படுக்க ஒரு ரேட். ஃபேனுக்கு அடியில் என்றால் இன்னொரு ரேட். கக்கூஸ் வாசலிலிருந்து தள்ளிப் படுக்க ஒன்று. சீக்கிரம் பார்த்துவிட்டுக் கடைசி லோக்கலைப் பிடிக்க ஒன்று. அவர் முகத்தில் கோபமே இல்லை. மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நெரிசலும் லஞ்சமும் இரண்டு நோய்கள் என்று நினைத்து இரண்டு மருந்து தேடுகிறோம். தட்டுப்பாடு உள்ள இடத்தில் ரேஷன் அரிசியும் கள்ளச்சந்தைக்குப் போகும். ஆறடி சிமென்ட் தரையும் போகும். சிறைப் பணியிடங்களில் சுமார் 30 விழுக்காடு காலி என்கிறது அதே 2022 அறிக்கை. இருக்கிற வார்டர்களால் வார்டுக்குள் போய் நிற்க முடியாது. அந்த வேலையைப் பழைய கைதி ஒருவர் பார்க்கிறார். இங்கே அவரை ‘மேட்’ என்கிறார்கள். யார் எங்கே படுப்பது, யார் பெருக்குவது என்பதை அவர் சொல்கிறார். மேற்கு வங்கச் சிறைக் கையேட்டில் சமையலுக்கு இன்ன சாதி, துப்புரவுக்கு இன்ன சாதி என்று எழுதியே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளை ரத்து செய்தது. அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும் பேசப்பட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

தமிழகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. நம் சிறைகளில் மொத்தக் கணக்கில் நெரிசல் கிடையாது, கொள்ளளவுக்கும் குறைவாகத்தான் கைதிகள். அப்படியானால் நாம் தப்பித்தோமா? வேலூர் மத்திய சிறையின் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்கு அனுப்பியதாகவும், திருட்டுப் பழி போட்டுத் தனியறையில் அடைத்துத் துன்புறுத்தியதாகவும் புகார் எழுந்து, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு டி.ஐ.ஜி. உள்பட அதிகாரிகள் மீது சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. இன்னொரு பக்கம், பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் செல்வாக்குள்ள கைதிக்குத் தனிச் சமையல் வரை சலுகை நடக்கிறது என்று 2017 ஜூலையில் டி.ஐ.ஜி. ரூபா அறிக்கை கொடுத்ததை நாம் மறக்கவில்லை. இடம் போதாத இடத்தில் இடத்தை விற்கிறார்கள். இடம் இருக்கும் இடத்தில் மனிதனையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே நெரிசலைக் குறைத்தால் மட்டும் போதாது, வெளியாட்களின் கண்ணும் உள்ளே போக வேண்டும். வங்காளத்திலிருந்து டி.கே.பாசு 1986-ல் எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்கில், 2015-ல் உச்ச நீதிமன்றம் எல்லாச் சிறைகளிலும் கேமரா பொருத்தவும், அரசு சாராப் பார்வையாளர்களை நியமிப்பது பற்றிப் பரிசீலிக்கவும் சொன்னது. என்னைக் கேட்டால், கேமராவைவிட அந்தப் பார்வையாளர்களையே நம்புவேன். கேமரா எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதையும் உள்ளே இருப்பவர்தானே முடிவு செய்கிறார்?

மூன்றில் ஒரு பங்கு

1979-ல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில்தான் விரைவான விசாரணை வாழ்வுரிமையின் பகுதி என்று நாடு ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு சட்டங்களுக்குக் குறைவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், முன்பு தண்டனையே பெறாதவர், அதிகபட்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் நீதிமன்றம் அவரை விடுவிக்க வேண்டும். பல வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் கைதி அல்ல, அவர் வக்கீலும் அல்ல, சிறைக் கண்காணிப்பாளர். சட்டம் வருவதற்கு முன்பே கைதானவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இதில் ஒரு சின்னச் சொல்லைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தக் கைதியை ‘பாண்டு’ பேரில் விட வேண்டும் என்கிறது சட்டம். ‘பெயில் பாண்டு’ என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் அதே சட்டத்தில் இருக்கிறது. பாண்டு என்றால் கைதி எழுதித்தரும் சொந்த உறுதிமொழி. ஜாமீன்தாரர் வேண்டியதில்லை. பத்திரம் வேண்டியதில்லை.

ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்ட மத்திய அரசின் திட்டமும் 2023 முதல் இருக்கிறது. தொடங்கியபோது வைத்த வரம்பு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000. வாங்கத்தான் ஆளில்லை, பணத்தைப் பயன்படுத்துங்கள் என்று உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. சிறை வாசலில் வரிசையில் நிற்கும் ஒரு தாய்க்குக்கூட இதை யாரும் சொல்வதில்லை.

பறிப்புக் குற்றத்துக்கு அதிகபட்சம் மூன்று வருடம். மூன்றில் ஒரு பங்கு ஒரு வருடம். பையன் மேல் வேறு வழக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை, இதுதான் முதல் என்றார். பதினான்கில் பன்னிரண்டு போனால் இரண்டு. இரண்டு மாதமாக அவன் உள்ளே இருக்க வேண்டியதே இல்லை. கையிலிருந்த பழைய டிக்கெட்டின் பின்புறத்தில் 479 என்று பெரிதாக எழுதினேன். இலவசச் சட்ட உதவி மையத்தில் இந்த நம்பரைக் காட்டுங்கள், ஜாமீன்தாரர் வேண்டும் என்று கேட்டால் ‘பாண்டு’ என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு டிக்கெட்டை மடித்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டார்.

பதினொரு மணிக்குள் போகாவிட்டால் பெயர் எழுத மாட்டார்கள், வரேன் அண்ணா என்று எழுந்தார். மேம்பாலத்தில் அப்போதுதான் ஒரு லோக்கல் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியோரமாக ஏறினார்.