அளவும் சான்றும்: அரியலூர், பெரம்பலூர்த் தொல்லுயிர் எச்சங்கள் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

படிமலர்ச்சி உயிரியலில் ஒரு கூற்றின் வலிமை, அதற்கு அடிப்படையான பொருளைப் பிற ஆய்வாளர் மீண்டும் கண்டு சோதிக்க இயல்வதைப் பொறுத்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த இரண்டு தொல்லுயிர் எச்சங்களை ஒப்பிட்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படிமலர்ச்சி, தொல்லுயிர் எச்சம், கல்லமேடு, டைனோசர், மூலமாதிரி.

முன்னுரை

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் கிரெட்டேசியக் காலத்தில் கடலடியாக இருந்தன. அங்கே படிந்த பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்ட் 1862இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவரைத் தொடர்ந்து ஸ்டோலிச்கா இப்பாறைகளில் கிடைத்த மெல்லுடலிகளை விரிவாக விவரித்தார். அக்காலத்தில் இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தமையால், பழைய நூல்களில் அப்பெயரிலேயே தேடுதல் வேண்டும்.

அரியலூர்த் தொகுதியின் மேற்பகுதியில் கல்லமேட்டுப் படிவு அமைந்துள்ளது. ஏறத்தாழ 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, கிரெட்டேசியத்தின் இறுதிக்கட்டத்தைச் சார்ந்த மணலும் களிமண்ணும் கொண்ட நிலப்படிவு இது. ஆதலால் கடலுயிர்கள் மிகுந்த இவ்வட்டாரத்தில் நிலவிலங்குகளின் எச்சங்களை இப்படிவு தருகிறது.

பேரெலும்பு

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளை 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் விவரித்து, புருகத்காயோசாரஸ் மாட்லேயி எனப் பெயரிட்டனர். பெயரின் முற்பகுதி 'பேருடல் கொண்ட பல்லி' எனப் பொருள்படும். பிற்பகுதி, இவ்வட்டார டைனோசர்களை முன்னர் ஆராய்ந்த மாட்லியைக் குறிக்கும். விவரிக்கப்பட்ட கணைக்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட இவ்விலங்கு, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியான சாரோபோடு வகையில் சேர்க்கப்பட்டது. இதன் எடை 100 டன்னுக்கும் மிகுதியாக இருந்திருக்கலாம் எனக் கிரெகரி பால், லரமெண்டி ஆகியோர் 2023இல் மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு சரியெனில், உலகில் வாழ்ந்த மிகப்பெரிய நிலவிலங்குகளுள் ஒன்று அரியலூர் மண்ணில் நடமாடியது எனலாம்.

ஆயின் அவ்வெலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டு எலும்புகள் எளிதில் நொறுங்குபவை. மூலமாதிரியும் சிதைந்து அழிந்தது. எஞ்சியவை அளவுக் குறிப்புகளும் வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. இவ்வட்டாரத்தில் கல்மரங்கள் மிகுதியாதலால், அவை எலும்புகள்தாமா, கல்லான மரமா என்ற ஐயமும் எழுந்தது. அய்யாசாமி உள்ளிட்டோர் 2022இல் வெளியிட்ட பழைய ஒளிப்படங்கள் அவை எலும்புகளே என்பதற்கு வலுச்சேர்த்தன. எனினும் நீளத்தை மீண்டும் அளக்கவோ, எலும்பின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் காணவோ இனி வழியில்லை.

சிறுபல்

அதே கல்லமேட்டுப் படிவிலிருந்து கிடைத்த மிகச்சிறிய பல் ஒன்றை அஞ்சலி கோஸ்வாமி, பிரசாத் முதலானோர் 2013இல் விவரித்தனர். பறவைகளுக்கு நெருங்கிய உறவுடைய ட்ரூடான்டிடு என்னும் டைனோசர் குடும்பத்தைச் சார்ந்தது அது என்பது அவர்தம் முடிவு. அதற்குமுன் இக்குடும்பம் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா ஆகிய வடபுல நிலங்களிலேயே அறியப்பட்டிருந்தது. இந்தியாவோ அக்காலத்தில் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த தனி நிலப்பகுதி. எனவே இவ்விலங்குகள் கண்டங்கள் பிரியுமுன்பே பரவியிருந்தனவா, பின்னர் வடக்கிலிருந்து வந்தனவா என்னும் வினா எழுகிறது. அதே ஆண்டில் விவரிக்கப்பட்ட, மடகாஸ்கரின் சிமோசூக்கஸை ஒத்த முதலையினப் பல் ஒன்று பழைய தென்புலத் தொடர்பைக் காட்டுகிறது.

ஒற்றைப் பல்லைக் கொண்டு குடும்பத்தைத் துணிதல் தகுமா என வினவலாம். அவ்வாறு வினவுவோர் பல்லின் விளிம்புப் பற்களை எண்ணலாம். புதிய மாதிரிகளோடு ஒப்பிடலாம். முடிவை மறுக்கவும் செய்யலாம். பேரெலும்பைப் பொறுத்தவரை இவ்வாய்ப்பு இல்லை.

களப்பணிக்கான படிப்பினை

சான்றின் மதிப்பு அது கிடைத்த அடுக்கையும் சார்ந்தது. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனப் பரவலாகப் பேசப்பட்டன. அவை கடற்படிவில் உருவான திரளைக் கற்களே என நிலவியலாளர் விளக்கினர். கிடைத்த அடுக்கு கடற்படிவு என அறிந்தோர்க்கு இவ்விளக்கம் இயல்பானதே.

அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் புதிய அடுக்குகளைத் திறந்து காட்டுகின்றன; அவற்றிலுள்ள எச்சங்கள் கல்லோடு சேர்ந்து சிமெண்ட் ஆலைக்கும் செல்கின்றன. எனவே முதுநிலை மாணவர் பின்பற்றத்தக்கவை மூன்று: எச்சத்தை எடுக்குமுன் இடம், அடுக்கு, கிடந்த நிலை ஆகியவற்றைப் படத்துடன் பதிதல், நொறுங்கும் எலும்பைக் கெட்டிப்படுத்திச் சாந்துக்கட்டு இட்டபின் பெயர்த்தல், மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் அலசிச் சிறு எச்சங்களைத் தேடுதல். எடுத்தவை எண்ணிட்டு அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்ட பின்னரே பணி நிறைவுறும்.

முடிவுரை

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடந்த இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. அதனை எவரும் இன்றும் சென்று ஆராயலாம். கல்லமேட்டின் பேரெலும்புக்கு அக்காப்புக் கிட்டவில்லை. அதனால் உலகின் மிகப்பெரிய நிலவிலங்கு எது என்னும் வினாவில் அரியலூரின் பெயர் ஐயக்குறியோடே இடம்பெறுகிறது. அவ்வையத்தைக் களைய அதே படிவில் மற்றோர் எலும்பு கிடைத்தல் வேண்டும். கிடைப்பின், அது பேணப்படுதலும் வேண்டும்.